செய்தியின் நடுவில் நின்றுபோன படம்

மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு டிவி எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. கூரையோரம் பொருத்தியிருக்கும் டிஷ் தூறலைத் தாங்கும். சாதாரண மழையையும் தாங்கும். ஆனால் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வருகிற மழை இருக்கிறதே, அது ஊருக்குள் நுழைவதற்கு முன்பே படம் சதுரம் சதுரமாக உடையத் தொடங்கும். பேசுகிறவரின் வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். பிறகு திரை வெறுமையாகி, சேவை தற்சமயம் இல்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். சில நாள்களில் வெளியே ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. வாசலில் வெயில் அடிக்கும். டிஷ் பார்த்துக்கொண்டிருக்கிற திசையில் எங்கோ மேகம் கனத்திருக்கும், அவ்வளவுதான்.

நான் சொல்லப்போகும் வருடம் வீட்டில் நானும் என் மாமனாரும் மட்டும்தான் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமியார் இறந்து ஒரு வருடம் முடியப்போகிற நேரம். என் கணவர் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில், தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறார். தண்ணீர்க் குழாய், மோட்டார், ஏர்கோன் எல்லாம் அவர் பொறுப்பு. பருவமழைக் காலத்தில் விடுதியை மூடிவிடுவார்கள். சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள், படகும் ஒழுங்காக ஓடாது. ஆனாலும் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளச் சிலர் அங்கேயே இருக்க வேண்டும். அந்த முறை அவரும் இருந்தார்.

மாமா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தவர்தான். ஆனால் அது ஓடிக்கொண்டே உட்கார்ந்திருப்பது. அசையாத நாற்காலியில் அவருக்கு இருப்புக்கொள்ளாது. மாமியார் இருந்தவரை அவரைச் சந்தைக்கு அனுப்புவது, கறிவேப்பிலை பறிக்கச் சொல்வது என்று ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருப்பார். மாமியார் போன பிறகு அந்த இடத்துக்கு டிவி வந்தது. காலையில் கோப்பி குடித்ததும் போடுவார். நான் பல் கிளினிக்கில் வேலை முடிந்து திரும்பும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ்த் தொடர் எதையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. பாதியில் சேனலை மாற்றி மலாய்ச் செய்திக்குப் போவார், திரும்ப வருவார், மறுபடி போவார். வயதானவரின் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

படம் நின்றுவிட்டால் அவர் படும் பாடு பார்க்க முடியாது. பெட்டியை அணைத்துப் போடுவார். வயரைப் பிடுங்கிச் செருகுவார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், கூரையை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். திரும்பி வந்து, ஜன்னல், கதவு, ஜன்னல் என்று நடப்பார்.

"உக்காருங்க மாமா. மழை விட்டா தானா வரும்," என்பேன்.

"அது எப்ப விடும், எப்ப வரும்," என்பார், நடந்துகொண்டே.

எதிர் வீட்டில் ஒரு மலாய் அம்மா தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரைக் 'காக்' என்று அழைப்பேன், மலாயில் அக்காவை அப்படித்தான் சொல்வோம். எங்கள் பேச்சும் மலாயில்தான். அவர் வீட்டில் ஃபைபர் இணைப்பு. தெருக் கம்பங்களில் ஓடும் மெல்லிய கறுப்பு வயர் வழியாக அவருக்கு இணையம், டிவி, எல்லாம் வந்தது. எவ்வளவு மழை அடித்தாலும் அவர் டிவி நிற்காது. எங்கள் டிவி இருண்டு கிடக்கும்போது அவர் ஜன்னல் திரைச்சீலையில் டிவி வெளிச்சம் மாறி மாறி ஆடுவது தெரியும்.

"அங்கிள், நீங்களும் வயருக்கு மாறிடுங்க. மழைக்காலத்துல டிஷ் எதுக்கும் ஆகாது," என்று ஒருநாள் வேலியோரம் நின்று மாமாவிடம் சொன்னார்.

மாமா சிரித்தார். "வயர் கம்பத்துல ஓடுது. ஒரு மரம் விழுந்தா போச்சு. என் டிஷ் மழை நின்னா வந்துடும். யாரும் வந்து ரிப்பேர் பண்ண வேணாம்."

"மரம் என்ன தினமுமா விழுது? மழை தினமும் பெய்யுதே."

காக் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் வரிசைக்கு ஃபைபர் போட ஆள் வர வேண்டும், சுவரில் துளை போட வேண்டும், இருக்கிற டிஷ் ஒப்பந்தம் முடிய வேண்டும். கணவர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

மாமியாரின் வருஷத் திதி ஜனவரியில் வந்தது. கடல் அதிகம் குதிக்கிற மாதங்களில் ஒன்று. சாமான் ஏற்றிப்போகும் படகு ஒன்று அலை தணிகிற நாளாகப் பார்த்துத் தீவுக்குப் போய் வரும். அதில் ஏறித்தான் என் கணவர் மெர்சிங் ஜெட்டிக்கு, படகுத்துறைக்கு, வர வேண்டும். திதிக்குச் சில நாள் முன்பு போனில் கூப்பிட்டார். மாமா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அலை பெருசா இருக்குப்பா. படகு கிளம்புமான்னே தெரியல," என்றார் கணவர்.

"வருஷா வருஷம் அலைதான். நீ என்ன புதுசா பாக்கிறியா?"

"இல்லப்பா, இந்தத் தடவை கொஞ்சம்…"

"உங்கம்மாவுக்கு நீ ஒரே பையன். முத வருஷம். நீ வந்து செய்யாம நான் யாரை வெச்சுச் செய்யறது?"

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, "சரிப்பா, வரேன்," என்றார். நான் போனை வாங்குவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு தீவில் போன் கோபுரம் வேலை செய்யவில்லை. நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன.

திதிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. கிளினிக்கில் அரைநாள் வேலை. மதியம் வீடு திரும்பும்போது வானம் கீழே இறங்கி வந்ததுபோல இருந்தது. தெருவோரச் சாக்கடை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

"பேசினானா?"

"இல்ல மாமா. மெசேஜே போகல."

"காலையில படகு கிளம்பியிருந்தா இந்நேரம் ஜெட்டிக்கு வந்திருக்கணும்."

நான் சோறு போட்டேன். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டு, கை கழுவப் போகிறவர்போல எழுந்து போய் டிவியைப் போட்டார். மலாய்ச் செய்தி ஓடியது. வெள்ளம், மூடிய சாலை, பள்ளி மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். பிறகு செய்தி வாசிக்கும் பெண், மெர்சிங் என்று சொன்னாள். தீவிலிருந்து விடுதிப் பணியாளர்களை ஏற்றிக்கொண்டு மெர்சிங்குக்குக் கிளம்பிய படகு ஒன்று நடுக்கடலில் தொடர்பை இழந்துவிட்டது. அவர்களைத் தேடி…

அந்த இடத்தில் படம் உடைந்தது. அவள் முகம் பாதி மேலேயும் பாதி கீழேயும் போனது. திறந்த வாய் திறந்தபடி நின்றது. ஒரு சொல்லின் முதல் எழுத்து மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, அதுவும் நின்றது. அடுத்த நொடி, சேவை தற்சமயம் இல்லை.

கூரையில் மழை இறங்கியது. அந்தச் சத்தத்தில் மாமா ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அவர் ரிமோட்டை அழுத்தினார். எல்லாச் சேனலிலும் அதே வரி. பழைய ஏரியல் கம்பியை டிஷ் வந்தபோதே கழற்றிப் போட்டாயிற்று. என் போனில் செய்தித் தளத்தைத் திறந்தேன். ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் வரவில்லை.

"நான் காக் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன் மாமா," என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டினேன். குடை காற்றில் மடங்கிக்கொண்டது. காக் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்து உள்ளே விட்டார். அவர் டிவியில் படம் தெளிவாக, ஒரு கோடுகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுவே எனக்கு அந்த நேரம் விசித்திரமாக இருந்தது. சமையல் நிகழ்ச்சி ஒன்றில் ஒருவர் நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"செய்தி, காக். படகு ஒண்ணு காணோமாம். அவர் அதுல வரதா இருந்தார்."

காக் சேனலை மாற்றினார். செய்தி மறுபடி தலைப்புகளுக்கு வரும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். என் பாவாடையிலிருந்து தண்ணீர் அவர் தரையில் சொட்டியது. அவர் ஒரு துண்டை என் தோளில் போட்டார். பிறகு செய்தி வந்தது. படகின் இயந்திரம் பழுதாகியிருக்கலாம். தேடும் படகுகள் அலையால் திரும்பிவிட்டன. பணியாளர்களின் பெயர்கள் இன்னும் வெளியிடப்படவில்லை. அவ்வளவுதான். பிறகு வேறு ஊரின் வெள்ளம்.

மாமாவிடம் சொல்ல ஓடினேன். வாசலில் அவரைக் காணோம். வீட்டின் பக்கவாட்டில், டிஷ் இருக்கும் இடத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றிருந்தார். ஒரு கையால் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குடையை டிஷ்ஷுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். கைலி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மேலே முழு மழையும் விழுந்தது.

"மாமா, இறங்குங்க."

"தண்ணி படாம பிடிச்சா வரும். உள்ள போய்ப் பாரு, வருதான்னு பாரு."

"டிஷ் நனையறதால இல்ல மாமா. மேல, வானத்துலயே மழை அடைச்சுக்கிட்டு இருக்கு. குடை பிடிச்சா ஒண்ணும் ஆகாது."

"நீ போய்ப் பாரேன்மா."

அவர் குரல் கெஞ்சியது. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அதே வரி. வெளியே வந்து தலையை ஆட்டினேன். அவர் குடையை மெதுவாகத் தாழ்த்தினார். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தானே வரச் சொன்னேன்," என்றார்.

எனக்கு அந்தக் கணத்தில் அவர் மேல் கோபம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அந்த போன் பேச்சு என் காதிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நனைந்த கைலியோடு நிற்கிற மனிதரிடம் என்ன பேசுவது? "காக் வீட்டுக்கு வாங்க. அங்க டிவி நிக்காம ஓடுது," என்றேன்.

அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். காக் சோபாவில் உட்காரச் சொன்னார். ஈரத்தோடு உட்கார மாட்டேன் என்று அடுப்படியிலிருந்து ஒரு முக்காலியை அவரே எடுத்து வந்து போட்டுக்கொண்டார். காக் பால் ஊற்றாத கோப்பி ஓ கலந்து கொடுத்தார். மாமா குவளையைக் கையில் வைத்திருந்தாரே தவிர, குடிக்கவில்லை. செய்தி தலைப்புகளுக்கு வரும்போதெல்லாம் முன்னால் குனிவார், வேறு ஊருக்குப் போனதும் நிமிர்வார். ஒவ்வொரு முறையும் அதே வாக்கியங்கள். அலை. தேடல். பெயர் இல்லை.

"வானிலை எப்பப் போடுவாங்க?" என்று மாமா காக்கிடம் கேட்டார்.

"செய்தி முடியும்போது, அங்கிள்."

"எங்க வீட்டுல தினமும் இந்த நேரத்துக்குப் பாப்பேன். கடல் எப்படி இருக்குன்னு போடுவாங்க. மெர்சிங் பக்கம் சிவப்பு போட்டா அன்னிக்கு அவன் தண்ணியில இறங்க மாட்டான்னு ஒரு கணக்கு." அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. மலாயில், காக்கிடம் சொன்னார். "நேத்து மழையில டிவி வரல. அதான் பாக்கல."

தொடரைப் பாதியில் விட்டு அவர் சேனல் மாற்றியதெல்லாம் என் கண் முன்னால் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த தலைப்புகளுக்குக் காத்திருந்தபோது தெருமுனையில் பெரிய சத்தம் கேட்டது. படம் அசையாமல் நின்றது. இங்கே சதுரமாக உடையவில்லை, ஒரே அடியாக நின்றுவிட்டது. டிவிக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் பச்சை விளக்குகளுக்கு நடுவே ஒன்று சிவப்பாக மின்னியது. காக் கதவைத் திறந்து பார்த்தார். முனையில் நின்ற வாகை மரம் பாதியாகப் பிளந்து சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் கம்பத்து வயர்கள் தரையில் கிடந்தன. மின்சாரக் கம்பி அந்தப் பக்கம் இல்லாததால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாமா அந்த மரத்தைப் பார்த்தார். அன்று வேலியோரம் சொன்னதை அவர் நினைத்திருப்பார்.

"ஜெட்டிக்குப் போலாம்மா," என்றார்.

நான் காரை எடுத்தேன். மரம் விழுந்த பக்கம் போக முடியாமல் சுற்றிக்கொண்டு போனோம். வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் கண்ணாடியில் தண்ணீர்தான் தெரிந்தது. மாமா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடி வந்தார். ஆற்று முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஜெட்டியின் டிக்கெட் கூடத்தில் கதவு அடைத்திருந்தது. மழைச்சட்டை போட்ட ஓர் ஆள் மட்டும் கூரைக்கடியில் நின்றார். காவலாளியாக இருக்க வேண்டும்.

"படகு பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தேடப் போக முடியல. அலை தணிஞ்சா போவாங்க. உங்க ஆள் அதுலயா?"

"ஏறினாரா இல்லையான்னே தெரியல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "டிவியைப் பாருங்க. எங்களுக்கு முன்னாடி அதுலதான் சொல்லுவாங்க," என்றார்.

மாமா அந்தக் கூரைக்கடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். கடலைப் பார்க்க முடியவில்லை, மழை மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. அதையே பார்த்தார். நான் காரிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒற்றை டிக். கூப்பிட்டால் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. அந்தக் குரலை நான் எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. நாளைத் திதி வடைக்கு என்று ஊறவைத்திருந்த உளுந்து நினைவுக்கு வந்தது. இந்த நேரத்தில் உளுந்தை நினைக்கிறோமே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சாயங்காலம் மழை கொஞ்சம் மெலிந்தது. நின்றுவிடவில்லை, மெலிந்தது. மாமா உடனே காரில் ஏறினார். "வீட்டுக்குப் போ. வந்திருக்கும்," என்றார். டிவியைத்தான் சொன்னார்.

வந்திருந்தது. நாங்கள் அணைக்காமல் விட்டுப்போன டிவியில் ஒரு விளம்பரம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. காக் எங்கள் கார் சத்தம் கேட்டு, தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பேரும் நின்றபடி பார்த்தோம். செய்தி தொடங்கியது. முதல் தலைப்பே அதுதான். படகு கிடைத்துவிட்டது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தீவின் வளைவில் ஒதுக்கியிருந்தது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு யாரோ போனில் எடுத்த காட்சியைக் காட்டினார்கள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்ட ஆண்கள் முழங்கால் தண்ணீரில் கரைக்கு நடந்து வருகிறார்கள். ஒருவர் தடுமாறுகிறார், இன்னொருவர் பிடிக்கிறார். நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். காட்சி ஆடியது, கேமரா திரும்பியது. அதற்குள் வெளியே மழை மறுபடி ஒருமுறை கனத்தது. படம் உடைந்து அப்படியே நின்றது.

மாமா டிவிக்குக் கிட்டே போனார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே. நின்றுபோன படத்தில் ஆரஞ்சுச் சதுரங்களும் பழுப்புச் சதுரங்களும்தான் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே நிறத்தில் ஒரு கட்டம். அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இவன் இல்ல. இவன் குள்ளம். இவன்… இவன் பின்னாடி திரும்பியிருக்கான். இது அவனாம்மா?"

"தெரியல மாமா."

"நீ பாரு. உனக்குத் தெரியும்."

நான் பார்த்தேன். பதினான்கு வருடம் கூட வாழ்ந்த மனிதரை அந்தக் கட்டங்களில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அந்தப் படமும் போய்விட்டது. சேவை தற்சமயம் இல்லை.

காக் எங்களோடு இருந்தார். அவரே எங்கள் அடுப்படியில் கஞ்சி காய்ச்சினார். படம் வருவதும் போவதுமாக இருந்தது. வந்தபோதெல்லாம் அதே காட்சியைப் போட்டார்கள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ அது முழுதாக ஓடியது. கரைக்கு வந்த எல்லோர் முகமும் தெரிந்தது. அவர் அதில் இல்லை.

எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், அவர் அதில் இல்லை. அப்படியானால் அவர் எங்கே? கேமராவுக்கு வெளியே நின்றிருக்கலாம், படகிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று காக் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அந்த அறையில் நடந்தார். நான் உளுந்தை வடிகட்டினேன், மறுபடி தண்ணீர் ஊற்றினேன், மறுபடி வடிகட்டினேன்.

விடிந்து வெளிச்சம் வந்த பிறகு போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தேன்.

"நான்தான். மெரின் போலீஸ் ஆளுங்ககிட்ட சாட்டிலைட் போன் வாங்கிப் பேசறேன். டவர் படுத்துருச்சு," என்றார். "நான் படகுல ஏறலம்மா."

ஸ்பீக்கரை அழுத்தி மாமா பக்கம் நீட்டினேன்.

"பையை எடுத்துக்கிட்டு ஜெட்டி வரைக்கும் போனேன்ப்பா. அலையைப் பாத்தேன். பயமா இருந்துச்சு. ஏற முடியல. மத்தவங்க ஏறிட்டாங்க, நான் மட்டும் நின்னுட்டேன்." குரல் தயங்கியது. "இன்னிக்கு அம்மாவுக்குத் திதி. நான் வர முடியலப்பா. கோவிச்சுக்காதீங்க."

மாமா போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நல்ல காரியம் பண்ணின," என்றார். "அவ ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டா. அலை இறங்கட்டும். அப்புறம் வந்து செய்."

"நாள் தள்ளிப்போகலாமாப்பா?"

"போகலாம். நான் சொல்றேன் இல்ல."

போனை வைத்த பிறகு அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் உளுந்தை அரைத்து வடை சுட்டு, மாமியார் படத்துக்கு முன்னால் வைத்தேன். எதிர் வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுத்தேன்.

காக் வீட்டு வயரைச் சரிசெய்ய ஆள் வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டுமில்லை, பல இடத்தில் அறுந்திருந்தது. அதுவரை அவர் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து தன் மலாய்த் தொடரைப் பார்த்தார். மாமா ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிடுவார். மழை வந்து படம் நின்றால் காக், "உங்க டிஷ் தினமும் சாகுது, தினமும் எழுந்திருக்குது, அங்கிள்," என்பார். மாமா, "உங்க வயர் ஒரே தடவை செத்துச்சு, இன்னும் எழுந்திருக்கல," என்பார். இருவரும் சிரித்த மாதிரிதான் இருக்கும்.

பிப்ரவரி முடியும் முன்பு கணவர் வந்தார். ஜெட்டிக்கு மாமாவும் வந்தார். பையை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். திதியைத் தாமதமாக, ஒழுங்காகச் செய்தோம். அன்று மாலை அப்பாவும் பிள்ளையும் முன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"படகு போனப்புறம் அங்கயே நின்னியா?"

"நின்னேன்ப்பா. கண்ணுல மறையற வரைக்கும் நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ரூமுக்குப் போயிட்டேன். ஏறியிருக்கலாமோ, ஏறியிருக்கலாமோன்னு நடந்துக்கிட்டே இருந்தேன். படகு காணாமப் போனதே எனக்கு மறுநாள்தான் தெரியும்."

மாமா ஏதோ முனகினார்.

அதற்குப் பிறகு நாங்களும் ஃபைபர் போட்டோம். டிஷ்ஷைக் கழற்றலாமா என்று ஆள் கேட்டபோது மாமா வேண்டாம் என்றுவிட்டார். இப்போது எங்கள் டிவியில் இரண்டும் இருக்கின்றன. நல்ல நாளில் எது ஓடினாலும் ஒன்றுதான். பெருமழையில் வயர் ஓடுகிறது. காற்று அடித்து எங்காவது வயர் அறுந்தால், மழை விடுகிற இடைவெளியில் டிஷ் ஓடுகிறது. இரண்டையும் நம்பலாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் என் அனுபவம்.

அடுத்த பருவமழைக்கும் கணவர் தீவில் தங்கினார். போக வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. மாமா தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. போனில் பேசும்போது மட்டும் முதல் கேள்வியாக, "இன்னிக்குப் படகு உண்டா?" என்று கேட்பார். உண்டு என்றால், "நீ ஏறாத. உனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல," என்பார்.

போன வாரம் நான் கிளினிக்கிலிருந்து வந்தபோது வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் மெர்சிங் பக்கம் முழுக்கச் சிவப்பு.

"இன்னிக்கு எந்தப் படகும் இல்ல மாமா. நிம்மதியா உக்காந்து சாப்பிடுங்க," என்று சோற்றைப் போட்டு வைத்தேன்.

"ஆமாம்மா," என்றார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றார். நின்றுகொண்டே சாப்பிட்டார்.